ஒன்பதாவது கட்டம்

ஜுபைல் கேம்ப்பில் ஒவ்வொரு கழிப்பறைக் கதவிலும்
அந்த அட்டையை ஒட்டியவன் நான்தான்.
எட்டுக் கட்டம். எட்டு நிறம்.
இளநீர் மாதிரி போனால் நல்லது,
எலுமிச்சை என்றால் பரவாயில்லை,
கட்டன் சாயா நிறமென்றால்
வேலையை விட்டு நிழலுக்குப் போ.

தண்ணி குடி, தண்ணி குடி என்று
ஆகஸ்ட் முழுக்க ஊருக்குச் சொன்னவன்
ஒரு வெள்ளிக்கிழமை காலை
என் நிறத்தை அட்டையில் தேடினேன்.
இல்லை.

சூடு என்றேன் எனக்கு நானே.
பீட்ரூட் என்றேன்,
மெஸ்ஸில் அந்த வாரம் பீட்ரூட்டே போடவில்லை
என்பது நினைவிருந்தும்.
லபன் குடித்தேன். பார்லி கொதிக்கவைத்தேன்.
மறுநாள் தெளிந்துவிட்டது.
தெளிந்ததும் மறந்தேன்.
வலிக்கவில்லையே.
வலித்திருந்தால் ஓடியிருப்பேன்,
பல்வலிக்கே தம்மாம் வரை போனவன்.

பதினேழு நாள் கழித்து மறுபடியும்.

குழாயில் தண்ணீர் நின்றுபோன காலை அது.
எனக்குப் பின்னால் நுழைந்த ஜெய்னுலாபுதீன்
நுழைந்த வேகத்தில் வெளியே வந்தான்.
"பெர்க்மான்ஸ் அண்ணே" என்றான்,
வேறெதுவும் கேட்கவில்லை.
கட்டின கைலியோடு வண்டியில் ஏற்றினான்.

ஸ்கேன் எடுத்த மலையாளிப் பெண்
மீன் விலை பேசிக்கொண்டே வந்தவள்
இடது விலாவுக்குக் கீழே வந்ததும்
பேச்சை நிறுத்தினாள்.
எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

எகிப்து டாக்டர் ஒரு அவரைவிதை வரைந்து
அதன் உச்சியில் பென்சிலால் கறுப்பாக்கினார்.
நாலு சென்டிமீட்டர்.
கேன்சர் என்ற சொல்லை,
ஆள் நிற்கும் இடத்தில் பாரம் இறக்கும்
கிரேன்காரன் மாதிரி
நிதானமாக இறக்கினார்.
சிகரெட்?
இருபத்திரண்டு வருஷம்.
பிரஷர் மாத்திரை?
தலை சுற்றினால் போடுவேன்.
வந்த புதிதில் என்ன வேலை?
வால்வுகளை ட்ரைகுளோரில் முக்கிக் கழுவுவது.
கையுறை?
சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
இதில் எதனால் வந்தது என்று கேட்டேன்.
தெரியாது என்றார்.
அந்தத் 'தெரியாது'வில்தான்
அவரை நம்ப ஆரம்பித்தேன்.

கெட்ட துண்டு மட்டும் போகும்,
மிச்சம் உன்னோடது என்றார்.
அப்படியே செய்தார்.

வீட்டுக்கு ஹெர்னியா என்று சொல்லியிருந்தேன்.
வீடியோவில் கட்டைப் பார்த்த ரெஜினாள்
"ஹெர்னியா இவ்வளவு உசரத்துக்கா ஏறும்?" என்றாள்.
பிறகு இரண்டு பேருமே
கொஞ்ச நேரம்
சிக்னல் கிடைக்காதது மாதிரி இருந்தோம்.

டிசம்பரில் வேலைக்குத் திரும்பினேன்.
ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன்,
காலையில் ஒரு பிரஷர் மாத்திரை, தலை சுற்றினாலும் சுற்றாவிட்டாலும்.
சிகரெட்டுக்கு வைத்திருந்த காசில்
மூன்று ரியாலுக்கு ஒரு சிவப்பு மார்க்கர்.
எட்டாவது கட்டத்துக்குக் கீழே
கையால் இன்னொன்று போட்டேன்.
'வலிக்காது. தானாகத் தெளியும்.
தெளிந்தாலும் டாக்டரிடம் போ.'
வங்காளியில் ஷொஹேல் எழுதினான்,
மலையாளத்தில் சமையல்கார பிஜு.

அட்டையைக் கெடுத்தது யார் என்று
சேஃப்டி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.
விசாரிக்கும் பொறுப்பு எனக்கே.
விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மூன்றாம் பிளாக், நாலாவது கதவு.
என் சிவப்புக் கட்டத்துக்குள்
பென்சிலால் சின்னதாக ஒரு டிக்.
அழுத்திக்கூடப் போடவில்லை,
அழித்துவிடலாம் என்று நினைத்துப் போட்டது போல.

அந்த பிளாக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
மணி இரவு ஒன்பதரை.
முதல் அறையைத் தட்டுகிறேன்.
இதை எந்த மொழியில் எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.
கதவு திறந்தால்
சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டிக்கொண்டு
நிற்பேன்.